இந்தப் பையனை நம்பி ஒரு ஷாட் கொடுக்கலாமா?

கேள்வி: அண்ணா, எனக்கு 23 வயது. ஊர் அருப்புக்கோட்டை. அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். பி.காம். முடித்துவிட்டு, மதுரையில் ஒரு வருட வி.எஃப்.எக்ஸ். (விஷுவல் எஃபெக்ட்ஸ்) கோர்ஸ் படித்தேன். ஃபீஸ் 1,40,000 ரூபாய். பாதி, அம்மாவின் நகையை வைத்துக் கட்டியது. செய்த ஷாட்களைத் தொகுத்து மூன்றரை நிமிட ஷோரீல் செய்து சென்னை, ஹைதராபாத், மும்பை என்று 31 ஸ்டுடியோக்களுக்கு அனுப்பினேன். ஒரே ஒரு இடத்திலிருந்துதான் பதில் வந்தது. ரோட்டோ வேலை (ஃபிரேம் ஃபிரேமாக உருவத்தின் ஓரத்தை வரைந்து பிரித்தெடுப்பது), முதல் மூன்று மாதம் சம்பளம் கிடையாது, இரண்டு வருட பாண்ட், ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைக் கொடுத்துவிட வேண்டும் என்கிறார்கள். இன்னொருவர் 60,000 ரூபாய் கொடுத்தால் பெரிய ஸ்டுடியோவில் சேர்த்துவிடுவதாகச் சொல்கிறார். எனக்கு ஆசை காம்ப்பில்தான் (தனித்தனிப் படங்களை ஒரே காட்சியாகச் சேர்க்கும் காம்ப்போசிட்டிங்). ரோட்டோவுக்குப் போனால் அங்கேயே நின்றுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. ஏ.ஐ. வந்து அந்த வேலையும் போய்விடும் என்கிறார்கள். என் ரீலில் என்ன குறை? லிங்க் அனுப்பியிருக்கிறேன். அப்பா கேட்பது வேறு: “படத்துல உன் பேர் வருமாடா?”

பதில்:

தம்பி, முதலில் அந்த 60,000 ரூபாய். கொடுக்காதீர்கள். இந்தக் கட்டுரையை மேலே படிப்பதற்கு முன்பே அந்த ஆளுக்கு “வேண்டாம்” என்று சொல்லிவிடுங்கள். வேலை கொடுக்கிற எந்த நல்ல ஸ்டுடியோவும் ஆர்டிஸ்ட்டிடம் பணம் வாங்காது. நானும் ஆரம்பத்தில் இப்படி ஒருவரிடம் 15,000 ரூபாய் கொடுத்தேன். வடபழனியில் ஒரு மாடி அறை, வாசலில் பெரிய படங்களின் போஸ்டர்கள். மூன்றாம் நாள் போனபோது பூட்டு தொங்கியது. அந்தப் பணத்தை அக்கா சீட்டுப் போட்டுச் சேர்த்திருந்தாள். இன்றைக்கும் அந்தத் தெரு வழியாகப் போனால் அந்த மாடியை நிமிர்ந்து பார்க்காமல் என்னால் கடக்க முடியவில்லை.

சரி, ரீலுக்கு வருவோம். இரண்டு முறை பார்த்தேன்.

அதற்கு முன்னால், ஸ்டுடியோவில் நாங்கள் ரீல் பார்க்கும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் டெய்லீஸ் (செய்த ஷாட்களைப் போட்டுப் பார்க்கும் தினசரிக் கூட்டம்) முடிந்து எல்லாரும் களைத்திருக்கும் மதியம்தான் அதற்கு நேரம் கிடைக்கும். ஹெச்.ஆர். ஒரு ஷீட்டைத் திறப்பார். இருபது, முப்பது லிங்க் இருக்கும். அதில் சில, கிளிக் செய்தால் “அனுமதி கேளுங்கள்” என்று வந்து நிற்கும். யாரும் அனுமதி கேட்க மாட்டோம், அடுத்ததற்குப் போய்விடுவோம். திறக்கும் ரீலில் முதல் பதினைந்து நொடிக்குள் ஏதாவது ஒன்று கண்ணை நிறுத்த வேண்டும். நின்றால் பின்னால் இழுத்து, ஃபிரேம் ஃபிரேமாகப் பார்ப்போம். நிற்காவிட்டால் கை தானாக ஓட்டிக்கொண்டு போகும். இதில் ஆணவம் எதுவும் இல்லை. மாலைக்குள் கிளையன்ட்டுக்குப் போக வேண்டிய ஷாட் பக்கத்து மானிட்டரில் காத்திருக்கும்.

அப்படிப் பார்க்கும்போது டீம் லீடின் மனதில் ஓடுவது ஒரே கேள்வி. இந்தப் பையனை நம்பி ஒரு ஷாட் கொடுத்தால், அதை வேறு யாராவது உட்கார்ந்து மறுபடியும் செய்ய வேண்டியிருக்குமா? திறமை, கற்பனை, ஆர்வம் எல்லாம் அதற்குப் பிறகுதான் வரும்.

உங்கள் ரீலின் முதல் 22 நொடி உங்கள் பெயர் தீயில் எரிந்து பறக்கிறது. அப்புறம் ஒரு கார் சுற்றுகிறது, ரோபோ நடக்கிறது, வாளில் மின்னல் பாய்கிறது. இடையில் பச்சைத் திரைக்கு முன்னால் ஒரு பெண் திரும்பிப் பார்க்கிறாள். அந்தப் பெண்ணை எனக்கு நன்றாகத் தெரியும். இன்ஸ்டிட்யூட்டில் பழகக் கொடுக்கும் ஃபுட்டேஜ் அது. நாற்பது ரீலிலாவது அவள் திரும்பிப் பார்த்திருப்பாள். வகுப்பில் செய்த பயிற்சி என்று எங்களுக்கு உடனே தெரிந்துவிடும். எவ்வளவு நீங்களாகச் செய்தது, எவ்வளவு சார் சொல்லிச் செய்தது என்று பிரிக்க முடியாது. அதனால் அதற்கு மதிப்பே போட முடியாமல் போய்விடுகிறது.

ஆனால் இரண்டு நிமிடம் பத்தாவது நொடியில் ஒரு ஷாட் வருகிறது. உங்கள் வீட்டுத் தறிக்கூடம். போனில் கையில் பிடித்து எடுத்திருக்கிறீர்கள். அப்பா குனிந்து, அறுந்த பாவு நூலை எடுத்து முடிச்சுப் போடுகிறார். பின்னால் ஜன்னல். வெயிலில் வெள்ளையாக எரிந்துபோன அந்த ஜன்னலுக்கு வெளியே மழை மேகம் வைத்திருக்கிறீர்கள். முதல் முறை பார்த்தபோது அங்கே வேலை நடந்திருப்பதே எனக்குத் தெரியவில்லை. மதுரைப் பக்கத்து வெயிலில் இவ்வளவு கறுப்பு மேகமா என்று யோசித்த பிறகுதான் பின்னால் இழுத்தேன்.

நூல்களை ஒவ்வொன்றாக ரோட்டோ செய்யாமல், ஜன்னல் வெளிச்சத்தை வைத்து லூமா கீ (வெளிச்ச வித்தியாசத்தை வைத்துப் பிரிப்பது) எடுத்திருக்கிறீர்கள். சரியான முடிவு. அப்பாவின் கையை மட்டும் தனியாக ரோட்டோ செய்து சேர்த்திருக்கிறீர்கள். அதுவும் சரி. குறை மூன்று. நூலின் ஓரத்தில் சில இடங்களில் மெல்லிய வெள்ளைக் கோடு நிற்கிறது. பழைய ஜன்னல் வெளிச்சம் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. இரண்டாவது, வெளியே மழை மேகம், ஆனால் அப்பாவின் தோளில் உச்சி வெயில் அப்படியே அடிக்கிறது. மூன்றாவது கிரெய்ன், அதாவது படத்தில் ஓடும் பொடிப் புள்ளிகள். போனில் எடுத்த படத்தில் நிழல் முழுக்கப் பொடிப்பொடியாக ஓடிக்கொண்டிருக்கிறது, நீங்கள் வைத்த மேகம் மட்டும் சலவைக்குப் போட்ட துணி மாதிரி சுத்தமாக நிற்கிறது. நீலச் சேனலை மட்டும் தனியாகப் போட்டுப் பாருங்கள். கிரெய்ன் பெரும்பாலும் அங்கேதான் அதிகம் இருக்கும், வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அப்படியே வியூவரில் காமாவை மேலே ஏற்றி, இருட்டை வெளிச்சமாக்கிப் பாருங்கள். உங்கள் கறுப்பும் பிளேட்டின் (கேமராவில் எடுத்த அசல் படத்தின்) கறுப்பும் ஒன்றா, வேறா என்று ஒரு நொடியில் சொல்லிவிடும். சூப்பர்வைசர் உங்கள் ஷாட்டைத் திறந்ததும் செய்யும் முதல் வேலை இதுதான். அவர் செய்வதற்கு முன் நீங்கள் செய்துவிடுங்கள்.

இந்த மூன்றையும் சரிசெய்து, அந்த ஷாட்டைத் தூக்கி ரீலின் முதலில் வையுங்கள். தீப்பிடிக்கும் பெயர், கார், ரோபோ, வாள், திரும்பிப் பார்க்கும் பெண் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். மனசு வராது, தெரியும். ராத்திரி கண்விழித்துச் செய்தது. ஆனாலும் எடுத்துவிடுங்கள். ரீலில் உள்ள மிக மோசமான ஷாட்டை வைத்துத்தான் உங்களை எடை போடுவார்கள். நல்லது செய்யத் தெரிந்த பையனுக்குக் கெட்டது எது என்று தெரியவில்லையே என்றுதான் நினைப்பார்கள்.

மொத்தம் மூன்று நான்கு ஷாட், ஒரு நிமிடம் போதும். தறிக்கூடம் ஒன்று. இரண்டாவதாக ஒரு பிரெப் ஷாட் (வேண்டாததை அழித்து பிளேட்டைத் தயார் செய்வது) செய்யுங்கள்: நடந்துகொண்டே பஸ் ஸ்டாண்டை எடுத்து, அதில் ஒரு கடை போர்டையோ மின்கம்பியையோ முழுக்க அழியுங்கள். கேமரா நகர வேண்டும், அழித்த இடத்துக்கு முன்னால் ஆட்கள் கடந்து போக வேண்டும். அசையாத ஷாட்டில் அழிப்பது யாருக்கும் வரும். மூன்றாவது, பச்சைத் திரை. இதற்கு பிளெண்டர் அறக்கட்டளை 2012இல் வெளியிட்ட ‘டியர்ஸ் ஆஃப் ஸ்டீல்’ என்ற குறும்படத்தின் மூல ஃபுட்டேஜைத் தேடி எடுங்கள். அசல் கேமராவில் எடுத்த பிளேட்டுகளை இ.எக்ஸ்.ஆர். ஃபைலாகவே பொதுவில் வைத்திருக்கிறார்கள், யாரும் பயன்படுத்தலாம். ஸ்டுடியோவில் உங்கள் கைக்கு வரப்போவதும் அந்த வகை ஃபைல்தான், பழகினது மாதிரியும் இருக்கும். மென்பொருளுக்குத் திருட்டு காப்பி வேண்டாம். நியூக் என்ற காம்ப் மென்பொருளின் வணிகம் சாராத பதிப்பு இலவசம். படம் 1920க்கு 1080 அளவுக்கு மேல் வெளியே வராது. ரீலுக்கு அது தாராளம்.

ஒவ்வொரு ஷாட்டுக்கும் பிரேக்டவுன் காட்டுங்கள். வெறும் பிளேட், அப்புறம் மேட் (பிரித்தெடுத்த உருவத்தின் கறுப்பு வெள்ளை வடிவம்), அப்புறம் முடிந்த ஷாட். ஓரத்தில் சின்ன எழுத்தில், எதை நீங்கள் செய்தீர்கள் என்று எழுதுங்கள். நண்பர் மாடல் செய்து கொடுத்திருந்தால் அதையும் எழுதுங்கள். பாட்டு போடுவதென்றால் போடுங்கள், நாங்கள் சத்தத்தைக் குறைத்துவிட்டுத்தான் பார்ப்போம். லிங்க் நேராகத் திறக்க வேண்டும்.

இனி ரோட்டோ. உங்கள் பயம் புரிகிறது, ஆனால் அந்த வேலையைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டது பாதிதான் என்று நினைக்கிறேன். வெளிநாட்டுப் படங்களின் ரோட்டோ, பெயின்ட், மேட்ச்மூவ் (கேமராவின் அசைவைக் கணினியில் அப்படியே பிடிப்பது) வேலைகள் ஏராளமாக இந்தியாவுக்கு வருகின்றன. அதனால் நம் ஊரில் புதியவர்களுக்கு ஸ்டுடியோ கதவு திறப்பது பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். கல்லூரி முடித்த கையோடு நேராக காம்ப் நாற்காலியில் உட்கார்ந்தவர்களை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன்.

ரோட்டோ என்றால் ஆளைச் சுற்றிக் கோடு போடுவது என்று சொல்வார்கள். போட்டுப் பார்த்தால்தான் தெரியும். ஒரு நொடிக்கு 24 ஃபிரேம். மூன்று நொடி ஷாட்டுக்கு 72. ஆளைச் சுற்றி ஒரே கோடு போட்டவன் பத்தாவது ஃபிரேமில் திணறிப்போவான். மேல்கை தனி, முழங்கைக்குக் கீழே தனி, உள்ளங்கை தனி, ஒவ்வொரு விரலும் தனி என்று பிரிக்க வேண்டும். உடம்பு எங்கே மடங்குகிறதோ அங்கேதான் ஷேப்பும் மடங்க வேண்டும். புள்ளிகள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. ஒவ்வொரு ஃபிரேமிலும் கீ (அந்த ஃபிரேமில் ஷேப் நிற்கும் இடத்தைப் பதிவது) போடக் கூடாது. அசைவு எங்கே தொடங்கித் திரும்பி நிற்கிறது என்று பார்த்து அங்கங்கே போட்டு, நடுவில் உள்ளதைத் திருத்த வேண்டும். இல்லையென்றால் ஓரம் கொதிக்கும், சோற்றுப்பானை மூடி மாதிரி நடுங்கிக்கொண்டே இருக்கும். அசைவைப் படிக்கத் தெரிந்த கண் இருந்தால்தான் இது வரும். என்னிடம் இன்று இருக்கும் காம்ப் ஆர்டிஸ்ட்டுகளில் ஓரம் பார்க்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் ஒரு வருடமாவது ரோட்டோ நாற்காலியில் உட்கார்ந்தவர்கள்.

ஒருமுறை இரண்டு பேருக்கு ஒரே டெஸ்ட் கொடுத்தோம். தாவணி பறக்கச் சுற்றும் பெண், 72 ஃபிரேம், நேரம் ஒரு நாள். ஒருவர் 72ஐயும் முடித்துவிட்டார். ஓட்டிப் பார்த்தால் தாவணி ஓரம் முழுக்க நடுக்கம். மற்றவர் 50 ஃபிரேம்தான் முடித்திருந்தார். அந்த ஐம்பதும் சுத்தம். கூடவே நோட்பேடில் நான்கு வரி: “51க்கு மேல் தாவணி முகத்தை மறைக்கிறது, அங்கே ஷேப்பைப் புதிதாகப் பிரிக்க வேண்டும், இன்னும் மூன்று மணி நேரம் ஆகும். 31-ல் மோஷன் பிளர் எனக்குத் திருப்தியாக இல்லை.” இரண்டாவது ஆளைத்தான் எடுத்தோம். அந்த நான்கு வரி இருந்ததால், அவரை நம்பி ஷாட் கொடுத்தால் நடுராத்திரியில் எனக்கு அதிர்ச்சி காத்திருக்காது என்று தெரிந்தது.

ஏ.ஐ. பற்றிப் பூசி மெழுக எனக்கு விருப்பமில்லை. ரோட்டோவுக்கு ஆள் தேவை குறைகிறது, இன்னும் குறையும். 2021இலேயே நியூக்குக்குள் காப்பிகேட் என்ற கருவி வந்துவிட்டது. நாம் சில ஃபிரேம்களைச் செய்து காட்டினால், மீதியை அது கற்றுக்கொண்டு செய்யப் பார்க்கும். படத்தில் இருக்கும் பொருளைத் தானே பிரித்தெடுக்கும் மாடல்கள் 2023க்குப் பிறகு வேகமாக வளர்ந்துவிட்டன. முரட்டு மேட்டுக்கு இன்று ஆள் வேண்டியதில்லை. முடி, புகைக்கு நடுவே ஆள், வேகத்தில் கலங்கிய கை இதெல்லாம் இன்னும் மனிதர் கைக்குத்தான் வருகிறது. அதனால் ரோட்டோவை நுழையும் வாசலாக வைத்துக்கொள்ளுங்கள், குடியிருக்கும் வீடாக ஆக்கிக்கொள்ளாதீர்கள். முதல் ஆறு மாதத்திலேயே பிரெப் வேலை கேளுங்கள். உங்கள் மேட் காம்ப்பில் எப்படி உட்கார்ந்தது என்று சீனியரிடம் கேட்டு, வேலை குறைவான நாளில் அவர் நியூக் ஸ்கிரிப்டை, அதாவது அவர் வேலை செய்த ஃபைலைத் திறந்து பாருங்கள். ஒன்றரை வருடத்துக்குப் பிறகும் உங்களை நகர்த்தவே மாட்டோம் என்றால் ரீலைத் தூக்கிக்கொண்டு அடுத்த இடம் தேட வேண்டியதுதான். சும்மா இருக்கும் நேரத்தில் பைத்தான் கொஞ்சம் பழகுங்கள். நூறு ஃபைலுக்குப் பெயர் மாற்ற ஒரு பத்து வரி எழுதத் தெரிந்தால்கூட டீமில் உங்களைத் தேடுவார்கள்.

உங்களுக்கு வந்திருக்கும் அந்த ஒரே வாய்ப்பில் எனக்கு உறுத்துவது ரோட்டோ இல்லை, நிபந்தனைகள். ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை எந்தக் காரணத்துக்காகவும் கொடுக்காதீர்கள். காட்டுங்கள், ஜெராக்ஸ் கொடுங்கள், அதோடு சரி. அதில் அவர்கள் பிடிவாதமாக நின்றால் வந்துவிடுங்கள். மூன்று மாதம் சம்பளம் இல்லை என்றால், அந்த மூன்று மாதம் பயிற்சி ஃபுட்டேஜில் வேலையா, கிளையன்ட் ஷாட்டில் வேலையா என்று நேராகக் கேளுங்கள். கிளையன்ட் ஷாட் என்றால் அது வேலை. வேலைக்குக் கூலி வேண்டும். நடுவில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும், அவர்களே உங்களை அனுப்பினால் என்ன ஆகும் என்று பாண்டில் எழுதியிருக்கிறதா பாருங்கள். இரண்டாவதைப் பெரும்பாலும் எழுதியிருக்க மாட்டார்கள், எழுதச் சொல்லுங்கள். கடைசியாக, ஆஃபர் லெட்டரும் மாதாமாதம் சம்பளச் சீட்டும் தருவார்களா? இது சின்ன விஷயமாகத் தெரியும். சம்பளச் சீட்டு இல்லாமல் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு, அடுத்த ஸ்டுடியோவில் “அனுபவத்துக்கு ஆதாரம் இல்லையே” என்று திரும்ப ஃபிரெஷராகவே சேர்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

31 இடத்தில் பதில் வராததற்கு ரீல் மட்டுமே காரணம் என்று மனசை நோகடித்துக்கொள்ளாதீர்கள். 2023இல் ஹாலிவுட்டில் எழுத்தாளர்களும் நடிகர்களும் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். அங்கே படப்பிடிப்பு நின்றதன் வறட்சி நம் ஊர் ஸ்டுடியோக்களுக்கு அடுத்த வருடம் வந்து சேர்ந்தது. 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் என்ற பெரிய வி.எஃப்.எக்ஸ். குழுமம் சரிந்து, பெங்களூரிலும் மும்பையிலும் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே வாரத்தில் வீட்டுக்குப் போனார்கள். ஐந்து வருடம், பத்து வருடம் அனுபவமுள்ளவர்கள் உங்களோடு அதே வரிசையில் நின்றார்கள். இந்தத் தொழில் இப்படி அலையலையாகத்தான் ஓடும். ரிதம் அண்ட் ஹ்யூஸ் என்ற அமெரிக்க வி.எஃப்.எக்ஸ். நிறுவனம் 2013 பிப்ரவரியில் திவால் மனு கொடுத்தது. அதே மாதம்தான் ‘லைஃப் ஆஃப் பை’ படத்தின் காட்சிகளுக்காக ஆஸ்கர் மேடையும் ஏறியது. உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. நகைக்கடன் இருக்கிற வீடு, அதனால் தெரிந்தே வாருங்கள் என்று சொல்கிறேன். வேலை கிடைக்கும் வரை ஊரில் கல்யாண வீடியோ எடிட்டிங் எதையாவது பிடித்துக்கொள்ளுங்கள், கை ஓய்ந்துவிடாது.

புது ரீலை 31 இடத்துக்கும் ஒரே நாளில் கொட்டாதீர்கள். மெயிலில் “எந்த வேலையும் செய்யத் தயார்” என்று எழுத வேண்டாம். “ரோட்டோ, பிரெப் ஆர்டிஸ்ட், காம்ப்பில் ஆர்வம்” என்று ஒரு வரி, லிங்க், போன் நம்பர். இன்டர்வியூவில் ப்ரீமல்ட் (படத்தின் நிறத்தை அதன் மேட்டால் பெருக்குவது) என்றால் என்ன, கலர் கரெக்‌ஷனுக்கு முன் ஏன் அன்ப்ரீமல்ட் செய்கிறோம் என்று கிட்டத்தட்ட எல்லாரும் கேட்பார்கள். மனப்பாடம் செய்யாமல், ஒரு ஷாட்டில் செய்யாமல் விட்டுப் பார்த்து ஓரம் என்ன ஆகிறது என்று நீங்களே கண்டுபிடியுங்கள். தறிக்கூட ஷாட்டின் நூலிலேயே அது தெரியும். தெரியாததைக் கேட்டால் “தெரியாது சார்” என்று சொல்லுங்கள்.

இனி அப்பாவின் கேள்வி. முதல் சில வருடங்களில் பேர் பெரும்பாலும் வராது. ஸ்டுடியோவுக்கு இத்தனை பேர் என்று கணக்கு வைத்துத்தான் டைட்டிலில் இடம் கொடுப்பார்கள். ரோட்டோ வரிசைக்கு வருவதற்குள் அந்தக் கணக்கு முடிந்துவிடும். நான் வேலை பார்த்த முதல் படத்துக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். படம் முடிந்து ஆட்கள் எழுந்து போக, நாங்கள் இரண்டு பேரும் கடைசி எழுத்து ஓடும் வரை உட்கார்ந்திருந்தோம். பேர் இல்லை. வெளியே வந்து டீ குடிக்கும்போது, “அந்த மழைல கதாநாயகி குடையோட ஓடி வருவாள்ல, அந்தக் குடை ஓரம் நான் போட்டதும்மா” என்றேன். அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “குடையில ஒண்ணும் தெரியலையேடா” என்றார். உங்கள் அப்பாவிடம் அந்தத் தறிக்கூட ஷாட்டைக் காட்டியிருக்கிறீர்களா, தம்பி? இன்று காட்டுங்கள். நூல் ஓரத்தில் நிற்கும் அந்த வெள்ளைக் கோட்டை எனக்கு முன்னால் அவரே கண்டுபிடித்துவிடுவார் என்று நினைக்கிறேன்.